திறப்பு யாருடைய கையில்? வன்னிப் பாடசாலைகளில் பழகிப்போன குறைகளில் எதை முதலில் தீர்ப்பது, எப்படித் தீர்ப்பது

பிற்பகல் 1.30, பாடசாலை விடும் நேரம். தரம் 9, 10 பெண்பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களை ஒருக்கால் பாருங்கள். காலையில் வீட்டில் நிரப்பியது நிரப்பியபடி திரும்பிப் போகிறதா? அப்படியானால் அந்தப் பிள்ளைகள் வெயிலுக்குள் ஆறு மணித்தியாலம் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். குடித்தால் போகவேண்டி வரும். போவதற்கு இடமில்லை, அல்லது இடம் பூட்டிக் கிடக்கிறது.

இதைப் பற்றி அதிபருக்கு ஒரு முறைப்பாடும் வந்திராது. பிள்ளைகள் சொல்லமாட்டார்கள். தாய்மாருக்கும் தங்கள் காலத்தில் இப்படித்தான் இருந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்கு, மடு என்று எந்தக் கல்வி வலயத்தை எடுத்தாலும் புதிதாகக் கடமையேற்கும் அதிபரின் முன்னால் இப்படிப் பழகிப்போன குறைகள் குறைந்தது மூன்று இருக்கும்: மாணவர் மலசலகூடம், வகுப்பறைப் பிரம்பு, பிந்தி வருவோரைப் படலையில் நிறுத்தி வைப்பது. மூன்றையும் ஒரே தவணையில் தொட்டால் ஒன்றும் முடியாது. எதை முதலில் எடுப்பது, எடுத்ததை எந்த வழியால் தீர்ப்பது என்பதுதான் இங்கே பார்க்கப்படுகிறது.

பிரம்பு வரிசையில் நிற்கவேண்டிய விடயம் இல்லை

பிரம்பை மற்றவற்றோடு வைத்து "முதலில் எது, பிறகு எது" என்று யோசிக்க இடமில்லை. கல்வி அமைச்சின் 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் அதற்குப் பின் வந்த 12/2016 ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் பாடசாலையில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்துள்ளன. ஆசிரியர் அறைந்ததால் செவி பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில், சித்திரவதையையும் கொடூரமான நடத்துகையையும் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை மீறப்பட்டுள்ளது என்று 2021 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கடமையேற்ற முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். சொன்னதைப் பாடசாலை நிகழ்வுகளைப் பதியும் சம்பவத் திரட்டுப் புத்தகத்திலும் எழுதிவைக்க வேண்டும்.

எப்படி நிறுத்துவது என்பதில்தான் தெரிவு இருக்கிறது. வெறுமனே தடையை அறிவித்தால் அடுத்த கிழமையே "இனி நீங்களே பாருங்கோ சேர்" என்று ஒவ்வொரு குழப்படிக்கும் பிள்ளை அலுவலகத்துக்கு அனுப்பப்படும். அதிபரும் களைத்துப்போவார், பிரம்பும் மெல்லத் திரும்பிவரும். அறிவிப்போடு சேர்த்து மூன்று படிகளை ஆசிரியரே எழுதித் தீர்மானித்தால் அது நிலைக்கும்: எது வகுப்பாசிரியரோடு முடிவது, எது பகுதித்தலைவரிடம் போவது, எதற்குப் பெற்றோரை அழைப்பது. வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் தண்டனைப் படியில் ஒருவராக இருக்கக் கூடாது. இருந்தால் எந்தப் பிள்ளையும் அவரிடம் வாய்திறக்காது. "கண்ணை மட்டும் விட்டிட்டுத் தோலை உரியுங்கோ" என்று சொல்லும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு பேசவேண்டிய இடம் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கத்தை விறாந்தையில் ஒட்டிவைப்பதை ஆசிரியருக்கு எதிரான செயலாகப் பார்க்கத் தேவையில்லை.

பிந்தி வருவோர்: வேலை சிறிது, பலன் பெரிது

ஏழு, எட்டுக் கிலோமீற்றர் சைக்கிள் உழக்கி வரும் பிள்ளையையும், 7.40 க்கு வந்துசேரும் ஒரே பஸ்ஸில் வரும் பிள்ளையையும் எட்டு மணிவரை படலையில் நிறுத்தினால் போவது முதற்பாடம். முதற்பாடம் பெரும்பாலும் வகுப்பாசிரியரின் பாடம். ஆகவே ஒரே பிள்ளை ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்ப இழக்கும். கிழமைக்கு மூன்று நாள் வீதம் பத்துக் கிழமை என்றால் 30 பாடவேளை. அதே பிள்ளை தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 20 எடுத்தால் "கவனமில்லை" என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதுகிறோம்.

நேரே வகுப்புக்கு அனுப்பி, வகுப்பில் வைத்திருக்கும் ஒரு கொப்பியில் நேரத்தையும் காரணத்தையும் பதிவது ஒரு வழி. நேரசூசியில் முதற்பாடத்தை நாளுக்கு நாள் மாற்றுவது இன்னொன்று. இரண்டையும் நாளைக்கே செய்யலாம். ஒரு மாதக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச) சாலை முகாமையாளரிடம் போனால் பஸ்ஸை 15 நிமிடம் முந்த விடக் கேட்கலாம். 2005 இல் தொடங்கிய, மாணவருக்கான சிசு செரிய பஸ் சேவையை அந்தப் பாதைக்குக் கோரவும் அதே கொப்பிதான் ஆதாரம். யானை நடமாட்டமுள்ள கிராமங்களிலிருந்து வரும் பிள்ளை விடிந்தபின் புறப்படுவது பிழையாகாது.

மலசலகூடம்: இங்கேதான் நிறையத் தெரிவுகள்

மூன்றில் முதலில் முழுப்பலத்தோடு எடுக்கவேண்டியது இதுவே. எவரும் வெளிப்படையாக எதிர்க்க மாட்டார்கள். பலன் இரண்டு கிழமையில் கண்ணுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையோடு மற்றவற்றை எடுப்பது எளிது. ஆனால் பிழையான தெரிவுகள் அதிகம் நடப்பதும் இங்கேதான்.

முதலாவது கேள்வி, குறையை எப்படி அறிவது. பெட்டி வைப்பது எல்லாருக்கும் உடனே தோன்றும் யோசனை. ஆனால் பெட்டியை யார் திறப்பது என்ற பயம் பிள்ளைகளுக்கு இருக்கும். எதுவும் மாறாத இரண்டு மாதத்துக்குப் பின் அதற்குள் மிட்டாய்ப் பேப்பர்தான் கிடைக்கும். தரம் 6 இற்கு மேல் பெயர் எழுதாத ஒரு தாள், ஆறு கேள்வி, பத்து நிமிடம், இதுவே நல்லது. இன்று பாடசாலையில் எத்தனை தடவை போனாய்? போக நினைத்தும் போகாமல் இருந்தாயா? ஏன்: பூட்டு, தண்ணீர் இல்லை, கதவுக் கொண்டி இல்லை, நாற்றம், பயம், கேட்க வெட்கம்? தண்ணீர் எத்தனை தரம் குடித்தாய்? மாதவிடாய் நாட்களில் வராமல் விடுவதுண்டா? ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றுவாய்? தாள்களை ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் சேகரிக்கக் கூடாது. தரம் 3 முதல் 5 வரையான பிள்ளைகளுக்குப் பாடசாலை வளவின் படம் ஒன்றைக் கொடுத்து, போகப் பயமான இடத்துக்குச் சிவப்புப் பூசச் சொன்னால் போதும். மூலையில் பற்றைக்குப் பக்கத்தில் நிற்கும் மலசலகூடம் எப்போதும் சிவப்பாகவே வரும். மாரியில் அந்தப் பாதையில் பாம்பு கிடக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

அடுத்தது திறப்பு. பல பாடசாலைகளில் மலசலகூடத் திறப்பு ஆசிரியர் அறையில் ஆணியில் தொங்குகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஆண் ஆசிரியர்கள் இருக்கும் அறைக்குள் போய் அதைக் கேட்கவேண்டும். பெரும்பாலானோர் கேட்கமாட்டார்கள். பூட்டுக்குச் சொல்லப்படும் காரணம் "திறந்து விட்டால் உடைச்சுப்போடுவாங்கள்" என்பது. அது முற்றாகப் பொய்யும் இல்லை, குழாய் உடைகிறது. ஆனால் நாற்றமடிக்கும் இருட்டறையைத்தான் பிள்ளைகள் உடைக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிடுவதைவிட, பெண்கள் பக்கம் இரண்டு, ஆண்கள் பக்கம் இரண்டு என்று திருத்தித் துப்புரவாக்கி, காலை 7.15 முதல் 1.45 வரை பூட்டே இல்லாமல் விடுவது நல்லது. அந்த நான்கும் ஒரு மாதம் தாங்கினால் அடுத்த நான்கைத் திறக்கலாம். ஆசிரியரின் அவநம்பிக்கையும் அப்போது குறையும். பூட்டு தேவைப்படுவது பாடசாலை விட்டபின்.

எத்தனை மலசலகூடம் தேவை என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட பாடசாலைகளுக்கான வழிகாட்டியில் 25 பெண்பிள்ளைகளுக்கு ஒன்று, 50 ஆண்பிள்ளைகளுக்கு ஒன்றும் அதோடு ஒரு சிறுநீர்கழிப்பிடமும் என்று உள்ளது. 220 பெண்களும் 200 ஆண்களும் படிக்கும் பாடசாலை ஒன்றுக்கு அது பெண்களுக்கு 9, ஆண்களுக்கு 4 என்று வரும். இதைப் பார்த்தவுடன் புதிய கட்டடம் கேட்டுக் கடிதம் எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இடைவேளை 20 நிமிடம். ஒருவருக்கு இரண்டரை நிமிடம் என்று வைத்தால் ஒரு மலசலகூடம் அந்த நேரத்தில் 8 பேருக்குத்தான் போதும். ஒன்பதும் திறந்திருந்தாலும் 72 பேர். பெண்பிள்ளைகளில் பாதிப்பேர் போனாலே 110. ஆக, புதுக்கட்டடம் வந்தபின்னும் வரிசை இருக்கும், கடைசியில் நிற்கும் சின்னப் பிள்ளை மணியடித்ததும் போகாமலே வகுப்புக்குத் திரும்பும்.

இது நேரசூசியால் வரும் நெரிசல். ஆரம்பப் பிரிவுக்கு 10.10, இரண்டாம்நிலைக்கு 10.50 என்று இடைவேளையைப் பிரித்துவிட்டால், அதே பாடசாலையில் இரண்டாம்நிலைப் பெண்பிள்ளைகள் 150 பேர் என்று வைத்தால், பாதி 75. ஒன்பது மலசலகூடத்தோடு கணக்குக் கிட்டமுட்டச் சரிவரும். மிச்சத்துக்குப் பாடவேளையில் "ரீச்சர், ஒருக்கா வெளியில போகட்டோ?" என்று கேட்டால் விடுவது. ஒரு நேரத்தில் ஒருவர் என்று வகுப்பு வாசலில் ஒரு மட்டையைத் தொங்கவிட்டால், பிள்ளை அதை எடுத்துக்கொண்டு போகும், கேட்கவே தேவையில்லை. ஒரு சதமும் செலவில்லாத இந்த இரண்டு மாற்றத்தையும் செய்து முடிக்காமல் எந்த நன்கொடையாளரிடமும் போகவேண்டாம்.

திருத்துவதா, புதிதாகக் கட்டுவதா

புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் உதவ முன்வரும்போது கட்டடம்தான் முதலில் பேச்சுக்கு வரும். அவர்களுடைய மனது பெரியது. ஆனால் கட்டடத்துக்குக் கொடுப்பவர் அதைக் கழுவுவதற்கும் கொடுக்கிறாரா என்று பாடசாலைதான் கேட்கவேண்டும். வன்னியில் 2009 இற்குப் பின் மீளத் திறந்த பாடசாலைகளில் நிறுவனங்கள் கட்டிக்கொடுத்த மலசலகூடங்கள் சுவரும் கூரையும் நல்லபடி இருக்கக் கைவிடப்பட்டுக் கிடப்பதைக் காணலாம். அங்கே இல்லாதது தண்ணீரும் கவனிக்க ஓர் ஆளும். அந்த நிலையில் பக்கத்தில் இன்னொன்றைக் கட்டினால் ஐந்து வருடத்தில் கைவிடப்பட்டவை இரண்டாகும்.

ஆகவே முதலில் பழையதைச் சோதியுங்கள். ஒவ்வொரு கோப்பைக்குள்ளும் அடுத்தடுத்து ஐந்து வாளி தண்ணீர் ஊற்றுங்கள். ஐந்தும் தடங்கலின்றி இறங்கினால் அந்த வரிசை திருத்தத் தகுந்தது. ஒரு கோப்பையில் மட்டும் தேங்கினால் அடைப்பு, பெரும்பாலும் மாதவிடாய் அணையாடையும் துணியும். எல்லாவற்றிலும் மெதுவாக இறங்கினால் குழி நிரம்பியிருக்கிறது, பிரதேச சபையின் கழிவகற்றும் பவுசரைக் கூப்பிடலாம். உறிஞ்சிய இரண்டு கிழமைக்குள் திரும்ப நிரம்பினால் மண் உறிஞ்சவில்லை என்று பொருள். அப்போதுதான் புதிய குழியைப் பற்றி யோசிக்கவேண்டும். இந்தச் சோதனையை ஆவணியில் செய்தால் எல்லாம் நல்லதாகவே தெரியும். கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் உயரும்போதுதான் குழியின் உண்மை தெரியும்.

குழி சரியென்றால் திருத்தவேலை சிறிது. மரக்கதவின் அடி கறையானாலும் ஈரத்தாலும் போயிருக்கும். பிவிசி கதவு மலிவு, உக்காது. ஆனால் அதில் திருகாணி பிடிக்காது, கொண்டி மூன்று மாதத்தில் கழன்றுவிடும். கதவுக்கு மறுபக்கம் தகடு வைத்து ஊடுருவும் போல்ற் போட்டால் நிற்கும். கொண்டி சின்னப் பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் இருக்கவேண்டும். உள்ளே உடுப்புக்கு ஒரு கொழுக்கி, பையை வைக்க ஒரு தட்டு. கொண்டியில்லாத கதவுக்கு வெளியே சினேகிதியைக் காவல் நிறுத்திவிட்டுப் போகும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு இரும்புத் துண்டு எவ்வளவு பெரிய விடயம் என்பதை அந்தத் தாள்களில் காண்பீர்கள்.

கதவைவிடப் பெரியது தண்ணீர். மேலே சொன்ன வழிகாட்டி ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 5 லீற்றரும், வாளியால் ஊற்றும் மலசலகூடத்துக்கு இன்னும் 1.5 முதல் 3 லீற்றரும், கழுவ ஓரிரு லீற்றரும் கேட்கிறது. 420 பேருக்கு 3,150 முதல் 4,200 லீற்றர் என்று வரும். பாடசாலையில் நிற்பது 1,000 லீற்றர்த் தாங்கி. காலையில் ஒருதரம் மோட்டரைப் போட்டு நிரப்பினால் இடைவேளைக்கு நடுவில் முடிந்துவிடும். பெரிய தாங்கி வாங்குவது ஒரு வழி. இருக்கும் தாங்கியை 7.00, 9.45, 11.30 என்று நேரம் குறித்து மூன்று தரம் நிரப்புவதும், மிச்சத்தைப் பாடசாலை விட்டபின் கழுவும் நேரத்தில் நிரப்புவதும் இன்னொரு வழி, செலவில்லாதது. அதற்கு ஒரு பெயர் வேண்டும். "யாராவது போடுவினம்" என்ற பாடசாலையில் 9.45 க்கு யாரும் போடமாட்டார்கள். மின்சாரம் நிற்கும் நாளுக்கென்று ஒவ்வொரு பக்கமும் மூடியுள்ள 200 லீற்றர்ப் பரல் ஒன்று எப்போதும் நிரம்பியிருக்கட்டும். மூடி இல்லாவிட்டால் நுளம்பு வரும், அதோடு டெங்குவும் வரும்.

இழுத்துவிடும் தண்ணீர்ப் பெட்டி அழகுதான். ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் கல்சியம் அதன் வால்வில் படிந்து ஒரு வருடத்துக்குள் இறுகிவிடும், அல்லது ஓயாமல் ஒழுகித் தாங்கியை வெறுமையாக்கும். பாடசாலைக்கு வாளியும் பேணியுமே உறுதி. ஒவ்வொரு அறைக்கும் ஒரு குழாய், வரிசைக்கு ஒரு வால்வு. ஒரு குழாய் உடைந்தால் அந்த வரிசையை மட்டும் மூடலாம், வால்வு இல்லாவிட்டால் முழுப் பாடசாலைக்கும் தண்ணீர் நிற்கும். பூநகரிக் கரையோரம்போல் உவர்நீர் உள்ள இடங்களில் இரும்புப் பிணைச்சல், இரும்புக் குழாய் எதையும் போடவேண்டாம். சிறுநீரக நோய்க்குப் பயந்து குடிநீரை வடிகட்ட ஆர்.ஓ. இயந்திரம் பூட்டிய பாடசாலைகளில் அது ஒதுக்கிவிடும் தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிறது. அதை ஒரு குழாய் போட்டு மலசலகூடத் தாங்கிக்குத் திருப்பிவிடலாம்.

புதிதாகக் கட்டியே ஆகவேண்டிய நிலை இரண்டு: குழி மண்ணால் கெட்டுப்போயிருப்பது, அல்லது இடைவேளையைப் பிரித்தபின்னும் எண்ணிக்கை போதாமல் இருப்பது. கட்டுவதானால் வகுப்பறைத் தொகுதிக்குக் கிட்ட, கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஆண்கள் வாசலும் பெண்கள் வாசலும் வேறு திசைக்குப் பார்க்கக் கட்டவேண்டும். குழி கிணற்றிலிருந்து 30 மீற்றர் தள்ளி இருந்தால் பாதுகாப்பு. பவுசர் வந்து நிற்கப் பாதையும் வேண்டும். இடத்தைத் தீர்மானிக்கும் நாளில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள், கட்டி முடிந்தபின் கூப்பிடுவதில் பயனில்லை.

கழுவுவது யார்

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் மேலே சொன்ன எதுவும் ஒரு தவணைக்கு மேல் நிற்காது. சிற்றூழியர் நியமனம் உள்ள பாடசாலையில் அவருக்குப் பத்து வேலை. மாணவர் முறைவைத்துக் கழுவுவது நல்ல பழக்கம் என்று சிலர் சொல்வார்கள். எல்லாரும் உண்மையிலேயே முறைக்கு வந்தால் அது சரி. நடப்பது வேறு. தண்டனை பெற்றவர்கள், வீட்டிலிருந்து எவரும் வந்து கேட்கமாட்டாத பிள்ளைகள், சில வேளை சாதியும் ஊரும் பார்த்து ஒதுக்கப்பட்டவர்கள் என்று வாளி அதே கைகளுக்குப் போகிறது. ஒரு மாதப் பட்டியலை எடுத்து யார் எத்தனை தரம் கழுவினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அன்றே நிறுத்துங்கள். தண்டனையாக மலசலகூடம் கழுவச் செய்வது எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினூடாக ஊரிலிருந்து ஒருவரை நாளுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு அமர்த்துவதே எங்கள் தெரிவு. நேரம் முக்கியம். காலையில் மட்டும் கழுவினால் எவரும் போகாத நேரத்தில்தான் துப்புரவாக இருக்கும். இடைவேளை முடிந்து 11.15 க்கு ஒருதரம், விட்டபின் 1.45 க்கு ஒருதரம். கையுறை, சப்பாத்து, நீண்ட பிடியுள்ள தூரிகை, சவர்க்காரத்தூள் ஆகியவற்றைப் பாடசாலை கொடுக்கவேண்டும். அமிலமும் குளோரினும் ஒன்றாக ஊற்றக் கூடாது, நச்சு வாயு வரும். இதைச் சுவரில் எழுதியே ஒட்டுங்கள். அவரைப் பிள்ளைகள் அக்கா, ஐயா என்று கூப்பிடப் பழக்குவதும் வேலையின் ஒரு பகுதி.

பெண்கள் பக்கம் மூடியுள்ள வாளி ஒவ்வொரு அறையிலும் இருக்கட்டும். பாடசாலை மாணவிகளுக்கு அணையாடை வாங்க அரசாங்கம் 2024 இல் 1,200 ரூபா வவுச்சர் கொடுத்தது. வாங்கியதை மாற்றவும் போடவும் இடமில்லாவிட்டால் பிள்ளை அந்த நாளில் வீட்டில்தான் நிற்கும். வாளியை நாளாந்தம் வெறுமையாக்கவேண்டும். செங்கல்லால் கட்டிய சிறிய எரிகூடம் என்றால் வகுப்புகளுக்குக் காற்றுப் போகாத பக்கத்தில், பாடசாலை விட்டபின், காய்ந்த ஓலையோடு. ஈரமாக இருந்தால் எரியாது, புகைதான் வரும். ஒரு பெட்டி அணையாடை அலுமாரியில் பூட்டி வைக்கப்படாமல் பெண் ஆசிரியர் ஒருவரின் மேசையில் இருக்கட்டும்.

காசு எங்கிருந்து? தர உள்ளீட்டு நிதி கற்றல் பொருட்களுக்கானது, அதைத் தொடவேண்டாம். பிள்ளைகளிடம் மாதக்காசு கேட்டால் கொடுக்க முடியாத பிள்ளை வெட்கப்பட்டே நின்றுவிடும். பழைய மாணவர்களிடம் கட்டடத்துக்குப் பதிலாக 24 மாதச் சம்பளத்தையும் உதிரிப் பொருளையும் கேளுங்கள். இதற்குப் பெயர்ப்பலகையும் இல்லை, நாடா வெட்டித் திறப்பு விழாவும் இல்லை என்பதால் கேட்பது கடினம். மாதம் ஒரு படம், ஒரு வரவுசெலவுத் தாள், ஆறு கேள்வித் தாளின் முதல் எண்ணும் இப்போதைய எண்ணும் என்று அனுப்பினால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அபிவிருத்திச் சங்கக் கணக்கில் இதற்கெனத் தனித்தலைப்பு திறந்து, கூட்ட அறிக்கையில் தீர்மானமாக எழுதிவிடுங்கள். அதிபர் இடமாற்றம் பெற்றுப் போனாலும் தீர்மானம் அங்கே இருக்கும்.

வேலையை ஆவணி விடுமுறையில் முடிப்பது வசதி. மூன்றாந் தவணை தொடங்கும் நாளில் நான்கு கதவு திறந்திருக்கட்டும். அதிபர் கிழமைக்கு ஒருதரம், முன்கூட்டிச் சொல்லாமல், இடைவேளை முடிந்த கையோடு மாணவர் மலசலகூடத்தையே பயன்படுத்தவேண்டும். ஆண் அதிபரென்றால் பெண்கள் பக்கத்துக்குப் பெண் பிரதி அதிபரோ பகுதித்தலைவரோ. அதே தாளை ஐப்பசியில் இன்னொருமுறை கொடுங்கள், 1.30 க்குப் போத்தல்களையும் பாருங்கள். மார்கழி விடுமுறைக்கு முன், மழை விடாமல் பெய்த ஒரு நாளுக்கு அடுத்த காலையில், ஐந்து வாளிச் சோதனையை மறுபடி செய்து, எந்தக் கோப்பையில் எத்தனையாவது வாளி தேங்கியது என்று சம்பவத் திரட்டில் எழுதுங்கள். அடுத்த வருடம் புதிய குழி கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதுவதா என்பதை அந்தப் பக்கத்தை வைத்தே தீர்மானிக்கலாம்.